தேங்காய் மட்டும் விழவில்லை: ஈர்ப்பு பற்றி வாசகர் கேள்வி பதில்

ஈர்ப்பு, நிறை, பாரம் போன்ற சொற்களைப் பற்றி இம்முறை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்தன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

‘அவட பேச்சில ஒரு ஈர்ப்பு இரிக்கி’ என்று வீட்டில் சொல்கிறோம். விஞ்ஞானப் பாடத்திலும் ஈர்ப்பு வருகிறது. இரண்டும் ஒன்றா? பூமி ஒரு பெரிய காந்தம் என்பதால்தான் தேங்காய் விழுகிறதா?
*சாதாரண தர மாணவி, களுவாஞ்சிகுடி*

மகள், ‘ஈர்’ என்றால் இழு. இரண்டு இடத்திலும் சொல் அதுதான், ஆனால் செய்கிற வேலை வேறு. பேச்சில் வரும் ஈர்ப்பு ஒரு பக்கத்து இழுவை. பாட்டு உங்களை இழுக்கிறது, நீங்கள் பாட்டை இழுப்பதில்லை. அது ஒருவரை இழுக்கும், பக்கத்தில் இருப்பவரை விட்டுவிடும். இன்று இருக்கும், நாளை இல்லாமல் போகும்.

பௌதிகவியலின் ஈர்ப்புக்கு இந்தக் குணம் ஒன்றும் கிடையாது. திணிவு என்பது ஒரு பொருளில் உள்ள சடத்தின் அளவு. திணிவுள்ள எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று சம விசையோடு இழுக்கும். 1687 இல் நியூற்றன் வெளியிட்ட விதி இது. விசை இரு திணிவுகளின் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. அந்தத் தூரத்தை மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். பரீட்சையில் புள்ளி போகிற இடம் பெரும்பாலும் இதுதான். பூமியிலிருந்து 400 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள பொருளுக்கு 400 ஐப் போடுகிறார்கள். போட வேண்டியது பூமியின் ஆரை 6,400 ஐயும் சேர்த்த 6,800.

ஒன்றரைக் கிலோத் தேங்காயைப் பூமி ஏறத்தாழ 15 நியூற்றன் விசையால் இழுக்கிறது. தேங்காயும் பூமியை அதே 15 நியூற்றனால் மேலே இழுக்கிறது. பூமியின் திணிவு 6 ஐத் தொடர்ந்து 24 பூச்சியம் போட்ட அளவு கிலோகிராம் என்பதால் அதன் அசைவை எந்தக் கருவியாலும் காண முடியாது. 20 மீற்றர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் 2 செக்கனில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். குலை தள்ளிய தென்னைக்குக் கீழே கதிரை போட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஒரு மீற்றர் இடைவெளியில் நிற்கும் 50 கிலோக்காரர் இருவரும் ஒருவரையொருவர் இழுக்கிறார்கள். ஆனால் அந்த விசை ஒரு சின்ன உப்புப் பரலின் நிறையைவிடக் குறைவு. அவ்வளவு சிறிய இழுவையையும் 1798 இல் ஆங்கிலேய விஞ்ஞானி கவெண்டிஷ் அளந்து காட்டினார். தலைக்கு 158 கிலோ ஈயக் குண்டுகள் இரண்டை, மெல்லிய கம்பியில் தொங்கிய தண்டின் சிறு குண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து, கம்பி முறுகிய அளவைத் தொலைகாட்டியால் பார்த்தார். மூச்சுக் காற்றும் உடற்சூடும் கெடுத்துவிடும் என்பதால் அறைக்குள் நுழையவே இல்லை.

காந்தத்தை இதோடு சேர்க்காதீர்கள். காந்தம் இரும்பு, நிக்கல் போன்ற சிலவற்றைத்தான் நன்றாக இழுக்கும், இன்னொரு காந்தத்தைத் தள்ளவும் செய்யும். ஈர்ப்பு எதையும் விடாது, ஒருபோதும் தள்ளாது, நடுவே பலகை வைத்தும் மறைக்க முடியாது. பூமிக்குக் காந்தப்புலம் உண்டு. அது திசைகாட்டியின் ஊசியைத் திருப்பும், தேங்காயை விழுத்தாது.

எங்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் காணொளிப் பாடங்களைப் பார்க்கிறார்கள். அங்கே ‘நிறை’ என்பது எங்கள் ‘நிறை’ அல்ல. எப்படிச் சமாளிப்பது?
*விஞ்ஞான ஆசிரியை, அக்கரைப்பற்று*

ரீச்சர், வகுப்பறையில் இதைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஒரே சொல் இரு கரையிலும் வெவ்வேறு கணியத்தைக் குறிக்கிறது. ஒரு பொருளில் உள்ள சடத்தின் அளவை நாம் திணிவு என்கிறோம். அதைப் பூமி இழுக்கும் விசையை நிறை என்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் முதலாவது நிறை, இரண்டாவது எடை. ஆகவே அங்கே ‘நிறை மாறாது’ என்று சொல்வதும் சரி, இங்கே ‘நிறை இடத்துக்கு இடம் மாறும்’ என்று சொல்வதும் சரி. இரண்டையும் ஒரே நாளில் கேட்ட பிள்ளைதான் தடுமாறும்.

இதே போல நமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம், அமுக்கம் அங்கே அழுத்தம். கதி, வேகம் இரண்டும் இன்னும் மோசம். நாம் திசை இல்லாததைக் கதி என்றும் திசையுள்ளதை வேகம் என்றும் படிக்கிறோம். அவர்களுக்குத் திசை இல்லாதது வேகம், திசையுள்ளது திசைவேகம்.

எங்கள் ஆலோசனை: சொல்லை விட்டு அலகைப் பார்க்கப் பழக்குங்கள். கிலோகிராம் என்று வந்தால் அது திணிவு, எந்தக் கரையில் என்ன பெயர் சொன்னாலும். நியூற்றன் என்று வந்தால் விசை. 50 கிலோகிராம் திணிவுள்ள பிள்ளையின் நிறை இங்கே ஏறத்தாழ 489 நியூற்றன், சந்திரனில் 81 நியூற்றன், திணிவு இரண்டு இடத்திலும் அதே 50. பாடசாலைக் கணக்கில் புவியீர்ப்பு ஆர்முடுகலை, அதாவது விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவை, 10 என்று எடுக்கச் சொன்னால் 500 என்று எழுத வேண்டும். 9.78 என்று எழுதிப் புத்திசாலித்தனம் காட்ட அது இடமில்லை.

இன்னொரு பொறி, கிராமுக்கும் புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கும் ஒரே ஆங்கில எழுத்து. அச்சில் கிராம் நேர் எழுத்தில் இருக்கும், ஆர்முடுகல் சாய்வெழுத்தில் இருக்கும். கையெழுத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதால் பிள்ளைகள் கிராமைக் கொண்டுபோய் ஆர்முடுகலாகப் பெருக்குகிறார்கள்.

சந்தையில் ‘ரெண்டு கிலோ நிறுத்துத் தாங்க’ என்பதைத் திருத்தப் போகாதீர்கள். அங்கே அந்தப் பேச்சு பிழையில்லாமல் வேலை செய்கிறது. ‘என் நிறை 50 கிலோ’ என்று விடைத்தாளில் எழுதினால்தான் தவறு.

லண்டனில் இருக்கும் மச்சான் 60 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்று கொண்டுவந்து தந்தார். 50 கிலோ அரிசி மூட்டை எதை வைத்தாலும் 49.84 என்று காட்டுகிறது. மூட்டை குறைவா, தராசு பழுதா?
*அரிசிக் கடைக்காரர், கல்முனை*

மூட்டைகளும் சரி, தராசும் பழுதில்லை என்றே தோன்றுகிறது. இடம் மாறியிருக்கிறது. பூமி முழு உருண்டையல்ல, நடுவில் புடைத்திருக்கிறது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. அதனால் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் புவியீர்ப்பு ஆர்முடுகல் குறைவு, முனைவுகளில் கூடுதல். முனைவில் 9.83, லண்டனில் 9.81, 7½ பாகை அகலக்கோட்டில் இருக்கும் நமக்கு 9.78 அளவில். மின்னணுத் தராசுக்குள் இருப்பது ஒரு சிறிய உலோகத் துண்டு. பாரம் வைத்தால் அது நூலிழை அளவு வளையும், அந்த வளைவைத்தான் தராசு கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. அது உணர்வது விசையை. லண்டனில் சரிசெய்த தராசு இங்கே ஆயிரத்துக்கு மூன்று பங்கு குறைத்துக் காட்டும். ஒரு கிலோவுக்கு 3 கிராம், 50 கிலோவுக்கு 160 கிராம். உங்கள் எண் அப்படியே பொருந்துகிறது.

ஆனாலும் ஊகத்தோடு நிற்காமல் சோதித்துப் பாருங்கள். தராசைத் தளம்பாத சீமெந்துத் தரையில் வைத்து, கால்களைத் திருகி, வட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தராசைப் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள், உள்ளே சூடு நிலைத்த பிறகுதான் எண் நிலைக்கும். பின் பூச்சியமாக்கி, முத்திரையுள்ள படிக்கற்களை 10, 20, 40 கிலோ என்று ஏற்றி ஒவ்வொரு தரமும் எழுதுங்கள். இறக்கும்போதும் எழுதுங்கள்.

பிழை பாரத்தோடு சேர்ந்து கூடினால், அதாவது 10 கிலோவில் 30 கிராம், 20 இல் 60, 40 இல் 130 என்று போனால், அது இடமாற்றத்தின் பிழை. அளவுதிருத்தம் செய்தால் தீரும். எல்லாப் பாரத்திலும் ஒரே அளவு பிழை என்றால் பூச்சியம் சரியாக வைக்கப்படவில்லை, தட்டுக்குக் கீழே சாக்குத் துண்டோ தவிட்டுப் பொடியோ இருக்கும். ஒரே 20 கிலோவை நான்கு மூலையிலும் மாற்றி வைக்கும்போது எண் மாறினால் கால் ஒன்று தரையைத் தொடவில்லை, அல்லது உணரி அடிபட்டிருக்கிறது. ஏற்றும்போது ஒன்றும் இறக்கும்போது வேறொன்றும் காட்டினால் தட்டு எங்கோ உரசுகிறது.

படிக்கல்லுக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்துச் சோதிக்க வேண்டாம். ‘ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ’ என்பது 4 பாகை செல்சியசுக்கு உரிய கணக்கு. நமது 30 பாகையில் அது 996 கிராம்தான். நீங்கள் தேடும் பிழையைவிட அதுவே பெரிய பிழை.

விற்பனைக்குப் பயன்படும் தராசின் அளவுதிருத்தத்தை நீங்களே செய்து முடித்தாலும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. முத்திரையிட்ட பிறகு உள்ளே கை வைக்கவும் கூடாது.

பழைய தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு தட்டையும் ஒரே ஈர்ப்பு இழுப்பதால் அது திணிவைத் திணிவோடு ஒப்பிடுகிறது. லண்டனிலும் கல்முனையிலும் சந்திரனிலும் ஒரே விடைதான் தரும்.

பாரமானதும் பாரமில்லாததும் ஒரே நேரத்தில் விழும் என்று பேரன் படித்துச் சொல்கிறான். களவெட்டியில் பொலி தூற்றினால் நெல் காலடியிலும் சப்பி தூரத்திலும் அல்லவா விழுகிறது?
*விவசாயி, திருக்கோவில்*

ஐயா, நீங்கள் கண்டதும் மெய், பேரன் படித்ததும் மெய். பேரனின் பாடம் காற்றில்லாத இடத்துக்கு உரியது. 1971 இல் அப்பலோ 15 இல் சந்திரனுக்குப் போன டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் பருந்துச் சிறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொட்டன. களவெட்டியில் இருப்பது காற்று, தூற்றும் வேலையே அதை நம்பித்தான் நடக்கிறது.

முற்றிய நெல்மணி ஒன்று ஏறத்தாழ 25 மில்லிகிராம். அதில் உமி ஐந்தில் ஒரு பங்குதான். அரிசி பிடிக்காத சப்பிக்கு வெளி உருவம் அதே அளவு, பாரம் ஐந்தில் ஒன்று. காற்று இரண்டின் மீதும் ஒரே பரப்பில் அடிக்கிறது. பூமியின் இழுவையோ சப்பிக்கு ஐந்து மடங்கு குறைவு. அதனால் சப்பி மெதுவாக இறங்கி, கூடுதல் நேரம் காற்றில் கிடந்து, தூரம் போகிறது. சுளகைத் தலை உயரத்துக்குத் தூக்குவது அந்த நேரத்தைக் கூட்டத்தான். இடுப்பு உயரத்திலிருந்து கொட்டினால் பிரியாது. காற்று விட்டுவிட்டு அடித்தாலும் பிரியாது, பலமாக அடித்தால் பாதி முற்றிய நெல்லும் சேர்ந்து போகும். ஈரநெல்லில் சப்பி ஒட்டிக்கொண்டே விழும், முதலில் காயவைக்க வேண்டும்.

விதைநெல்லுக்குக் காற்றைவிட உப்புத் தண்ணீர் நுணுக்கமாகத் தெரிந்தெடுக்கும். 10 லீற்றர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரையுங்கள். பழுதாகாத புது முட்டை ஒன்றைப் போட்டால் ஒரு நாணயத்தின் அளவு வெளியே தெரிய மிதக்க வேண்டும். அடியில் கிடந்தால் உப்பு போதாது, பாதி முட்டை வெளியே வந்தால் தண்ணீர் சேருங்கள். பழைய முட்டைக்குள் காற்று சேர்ந்திருக்கும், அது நல்ல தண்ணீரிலேயே மிதந்து ஏமாற்றும். நெல்லைக் கொட்டிக் கலக்கி, மிதப்பவற்றை அள்ளி எறியுங்கள். அடியில் நின்ற நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் உடனே கழுவுங்கள். உப்புப் படிந்த விதை சரியாக முளைக்காது. பேரனுக்குச் சொல்ல ஒரு பெயரும் உண்டு, இது சாரடர்த்தியால், அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியால், பிரிப்பது.

தூக்குக்குண்டு எப்போதும் நேர் கீழே நிற்கிறது. ‘கீழ்’ என்றால் உண்மையில் எது?
*மேசன், காத்தான்குடி*

தூக்குக்குண்டின் நூல் காட்டும் பக்கம்தான் கீழ். அதற்கு மேலான வரைவிலக்கணம் விஞ்ஞானத்திலும் இல்லை. அந்த நூலுக்குச் செங்குத்தானது மட்டம். நீங்கள் இடும் தூக்கும் கல்முனையில் ஒருவர் இடும் தூக்கும் சமாந்தரமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பூமி உருண்டை என்பதால் இரண்டு நூலுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை சாய்வு உண்டு. ஒரு வீட்டுக்குள் அது கணக்கில் வராது.

கணக்கில் வருவது காற்று. மூன்று மீற்றர்ச் சுவருக்குத் தூக்கு இடும்போது கடற்காற்று குண்டை ஆட்டினால், குண்டு அமிழும்படி ஒரு வாளித் தண்ணீரை வையுங்கள். நிலை மாறாது, ஆட்டம் மட்டும் அடங்கும். குண்டு வாளியின் பக்கத்தையும் அடியையும் தொடக் கூடாது. தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்ப்பவர்கள் பிழைவிடுவது குழாய்க்குள் நிற்கும் காற்றுக் குமிழியால். ஒரு பக்கத்தால் மெதுவாக நிரப்பி, குழாய் முழுவதையும் பார்வையால் தடவிவிட்டு, இரு முனையையும் திறந்தபடி பக்கத்தில் பிடித்துச் சமமா என்று பார்த்த பிறகே தூரக் கொண்டுபோங்கள். குழாயில் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் நெடுநேரம் கிடந்தால் சூடான பக்கத்துத் தண்ணீர் சற்று உயர்ந்து நிற்கும்.

நம் மாகாணத்தின் பெயரிலும் இந்தக் ‘கீழ்’ இருக்கிறது. கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மலைநாட்டிலிருந்து சரிந்து வரும் நமது நிலத்துக்கு அது அப்படியே பொருந்தும். இங்கினியாகலவில் தேக்கிய பட்டிப்பளை ஆற்றுத் தண்ணீர் துருசு திறந்ததும் இயந்திரம் ஒன்றுமில்லாமல் வட்டைகளுக்கு வந்து சேர்வது அந்தச் சரிவால்தான்.

விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பது அங்கே ஈர்ப்பு இல்லாததாலா?
*உயர்தர மாணவன், ஏறாவூர்*

இல்லை, தம்பி. ‘பூச்சிய ஈர்ப்பு’ என்ற சொல்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. 400 கிலோமீற்றர் உயரத்தில் ஆர்முடுகல் இன்னும் 8.7, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு. நிலையமும் உள்ளே இருப்பவரும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் பக்கவாட்டிலும் ஓடுவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகுகிறது. ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு சுற்று. நிறையின்மை என்று சொல்வது இதைவிட நல்லது, ஆளைத் தாங்க எதுவும் இல்லை என்பதை அது சொல்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். பிளாஸ்ரிக் போத்தலின் அடிப்பக்கத்தில் இரண்டு துளை போட்டு, விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடி வையுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் பீச்சும். மாடியிலிருந்து போத்தலைச் சுழலாமல் விடுங்கள். விழுகிற அந்த ஒரு செக்கனுக்குள் பீச்சுவது நின்றுவிடும். கைபேசியில் மெதுவசைவில் எடுத்தால் தெளிவாகத் தெரியும். கீழே ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு விடுங்கள்.

ஆங்கிலத்தில் ஈர்ப்புக்கும் பாரதூரமான நிலைமைக்கும் ஒரே சொல்லாமே?
*வாசகர், மட்டக்களப்பு நகர்*

ஆம். கிராவிற்றி என்ற சொல் ‘பாரமான’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விழும் பொருளுக்கும் பாரம், ஆபத்தான செய்திக்கும் பாரம். நாமும் பாரதூரமான விளைவு, கனத்த மனம் என்கிறோம். அந்த லத்தீன் சொல்லுக்கு உறவான சொல் சமஸ்கிருதத்தில் ‘குரு’. அதன் முதற்பொருள் பாரமானது, யாப்பிலும் தாளத்திலும் வரும் குரு, லகு இரண்டும் பாரம், இலேசு என்ற கணக்குத்தான். மதிப்பால் கனத்த ஆசிரியருக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. வியாழனையும் குரு என்கிறோம். கோள்களில் அதுவே மிகப் பாரமானது, பூமியைப் போல 318 மடங்கு. பெயர் வைத்தவர்கள் அதை நிறுத்துப் பார்த்து வைக்கவில்லை, பொருந்தியது தற்செயல். அவ்வளவு பாரமிருந்தும் மிக நெருங்கி வரும்போதுகூட 50 கிலோ உடலில் அதன் இழுவை 2 மில்லிகிராம் பொருளொன்றின் நிறைக்கும் குறைவு. தூரத்தின் வர்க்கம் அப்படித் தின்றுவிடுகிறது.

இலங்கைக்குத் தெற்கே கடலில் ‘ஈர்ப்புத் துளை’ இருக்கிறது, அங்கே கடல் 100 மீற்றர் பள்ளம் என்று கைபேசியில் வருகிறது. ஆழ்கடலுக்குப் போகும் படகு அதில் இறங்கிவிடாதா?
*மீனவர், வாழைச்சேனை*

பள்ளம் இருப்பது உண்மை, துளை என்பது தவறு. 1948 இல் டச்சு விஞ்ஞானி வெனிங் மைனஸ் கப்பலில் செய்த ஈர்ப்பு அளவீட்டில் இது வெளிப்பட்டது. அந்தப் பகுதிக்குக் கீழே பூமியின் ஆழத்தில் திணிவு சற்றுக் குறைவு, அதனால் இழுவையும் சற்றுக் குறைவு. சுற்றியுள்ள பகுதிகள் தண்ணீரைத் தம் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்கின்றன. பூமியை ஒழுங்கான நீள்வட்ட உருவமாக எடுத்துக் கணித்த மட்டத்தைவிட அங்கே கடல் மட்டம் 106 மீற்றர் தாழ்ந்திருப்பது அதனால்தான்.

ஆனால் அந்தத் தாழ்வு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடக்கிறது, கிலோமீற்றருக்குச் சராசரியாக ஒரு சாண் கூட வராது. படகு அதில் சறுக்கவும் மாட்டாது. காத்தான்குடி மேசனுக்குச் சொன்னதை இங்கே வையுங்கள்: தூக்குக்குண்டின் நூலுக்குச் செங்குத்தானதுதான் மட்டம். அந்தக் கடலில் நூலும் அதே அளவு சாய்ந்து நிற்கும். படகில் மட்டக்குழாயை வைத்தால் குமிழி நடுவில்தான் நிற்கும், போகும்போதும் வரும்போதும் எண்ணெய்ச் செலவில் அந்தப் பள்ளம் ஒரு துளியும் கூட்டாது.